மலையில் கன்று நட வருகிறவர்கள் தீக்கோடு வெட்ட ஏன் வருவதில்லை?

கேள்வி: திருவண்ணாமலையில் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் மரக்கன்று நடுகிறார்கள், படம் போடுகிறார்கள். கிரிவலம் போகும்போது பார்த்தால் மலை மொட்டையாகத்தான் இருக்கிறது. நட்டதெல்லாம் எங்கே?

2025 ஜனவரி 19

எரிந்துவிடுகிறது. முழுப் பதில் அதுவல்ல, ஆனால் முக்கால்வாசி அதுதான்.

"மொட்டை" என்பதை முதலில் சரி பார்த்துக்கொள்வோம். செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருக்கும் தெற்குச் சரிவைப் பாருங்கள். கோயிலைப் பார்த்தபடி இருக்கும் கிழக்குப் பக்கத்தில் ஸ்கந்தாசிரமத்தைச் சுற்றிப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து கணிசமான உயரம் வரை மரம் வந்திருக்கிறது. 1980களின் கடைசியில் உள்ளூர்க்காரர்களும் இங்கே வந்து தங்கிய வெளிநாட்டவர் சிலரும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. பிறகு வனத்துறையோடு சேர்ந்து 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அறக்கட்டளைகள் நாற்றங்கால் வைத்து விடாமல் நடத்திக்கொண்டு வருகின்றன. மொட்டையாகத் தெரிவது மேல் பகுதியும் மற்ற சில சரிவுகளும். அங்கே நடாமல் இல்லை. நட்டது நிற்கவில்லை.

காரணம் புல். மஞ்சம்புல், சுக்குநாறிப்புல் எல்லாம் மழையில் ஆள் உயரம் வளரும். பொங்கல் முடிந்ததும் காயும். மாசி, பங்குனியில் ஒரு தீக்குச்சி போதும். தீ மேல்நோக்கித்தான் ஓடும், சரிவில் நாம் ஓடுவதைவிட வேகமாக ஓடும். எரிந்து முடித்த பிறகு புல்லின் வேருக்கு ஒன்றும் ஆவதில்லை, அடுத்த மழையில் இன்னும் அடர்த்தியாக வரும். மூன்று வயதுக் கன்று செத்துப்போயிருக்கும். இப்படிப் புல் தீயை வளர்க்கிறது, தீ புல்லை வளர்க்கிறது. நடுவில் எதையாவது வெட்டி நிறுத்தாமல் எத்தனை கன்று நட்டாலும் அது புல்லுக்குப் போடும் படையல்.

அதனால் என் கருத்து இதுதான்: இந்த மலையில் மரம் நடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை தீக்கோடு.

ஜனவரி 20

தீக்கோடு என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரிவின் குறுக்கே பதினைந்து, இருபது அடி அகலத்துக்குப் புல்லை அடியோடு அறுத்து, சருகை வாரி, மண் தெரியும்படி சுத்தம் செய்து வைக்கும் பட்டை. தீ அங்கே வந்ததும் எரிக்க ஒன்றும் கிடைக்காமல் நிற்கும். காற்று பலமாக இருந்தால் தாண்டிவிடும். அப்போதும் அது வீண் இல்லை, ஏனென்றால் தீயணைக்கப் போகிறவர்களுக்கு நிற்க ஒரு இடமும் ஓடிவர ஒரு வழியும் அதுதான்.

எப்போது வெட்ட வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புல் பச்சையாக இருக்கும்போது வெட்டினால் திரும்பத் துளிர்த்து பங்குனியில் முழங்கால் உயரம் நிற்கும். முழுக்கக் காய்ந்த பிறகு என்று காத்திருந்தால் அதற்குள் யாராவது பற்ற வைத்திருப்பார்கள். தை மாதம், புல் முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது, அதுதான் சமயம். அதாவது இப்போது.

ஜனவரி 26

இன்று வேலைக்கு வந்தவர்களைப் பற்றி எழுத வேண்டும்.

ஐப்பசியில் கன்று நடும்போது கல்லூரி மாணவர்கள், கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். ஒரே மாதிரி பனியன், கையில் பேனர். அவர்களைக் குறை சொல்லவில்லை, கன்று மூட்டையைத் தலையில் வைத்து மேலே ஏற்ற அத்தனை கைகளும் வேண்டும். ஆனால் தை மாதம் புல்லறுக்கக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. புல்லறுப்பதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரு வெறும் மண் கோடு, அவ்வளவுதான். கை முழுக்கக் கீறல்.

இன்றும் கோட்டின் பெரும்பகுதியை வெட்டியது அடிவாரக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கிறோம். "அப்படியானால் அவர்கள் தன்னார்வலர்கள் இல்லையே" என்று போன வருடம் ஒருவர் என்னிடம் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. கூலி வாங்கினால் அக்கறை இல்லை என்று அர்த்தமா? எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று சுழலும், எந்த இடத்தில் தீ தாண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு அக்கா கோட்டை இரண்டு பனை தூரம் கீழே இறக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "மேல வெட்டினா குண்டு உருளும் சாமி" என்றார். மேலே எரிகிற ஈச்சம்புதர் தீக்கொள்ளியோடு உருண்டு கோட்டைத் தாண்டி விழும் என்பதைச் சொல்கிறார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

மலைக்காகப் பணம் கொடுக்க நினைப்பவர்கள் கன்றுக்கு என்று கொடுக்காமல் இந்தக் கூலிக்கு என்று கொடுங்கள். கன்று கிடைக்கும். தை மாதக் கூலிதான் கிடைப்பதில்லை.

பிப்ரவரி 2

"மரம் இருந்திருந்தால் டிசம்பரில் மண் சரிந்திருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டோடு 7 பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அதைச் சாக்கிட்டு நம் வேலைக்கு விளம்பரம் தேடுவது தப்பு. வேர் மேல்மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு மழையில் நீர் ஊறிய சரிவில், மேலே பெரும் பாறைகள் தொற்றிக்கொண்டிருக்கும் இடத்தில், மரம் மட்டும் காப்பாற்றும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. சரிவுக்கு அவ்வளவு நெருக்கமாக ஏன் வீடுகள் வர நேர்ந்தது, ஏழைகளுக்கு ஏன் அந்த இடம்தான் கிடைக்கிறது என்பது கன்று நட்டுத் தீர்க்கிற கேள்வி இல்லை.

தீயோடு இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். வருடா வருடம் எரிகிற சரிவில் சருகு மக்கி மண்ணாவதே இல்லை. முதல் மழை சாம்பலோடு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். எரியாமல் சில வருடம் விட்ட இடத்தில் கையை விட்டுப் பாருங்கள், மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீரைக் குடிக்கும். ஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் பாடியபோது இந்த மலையில் அருவிகள் முழவு போல அதிர்ந்தன என்கிறார். இன்று கன மழை அன்று மட்டும்தான் அருவி. சரிவு தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விட்டால்தான் மழை நின்ற பிறகும் ஓடை ஓடும்.

பிப்ரவரி 3

விதைப்பந்து (விதையை மண்ணுக்குள் வைத்து உருட்டி வீசுவது) பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். அதாவது இந்த மலைக்கு வேண்டாம். பாறை மேலும் புல்லுக்குள்ளும் விழுகிற பந்தை எறும்பும் எலியும் தின்று, மிச்சம் முளைத்தது கோடையில் கருகும். அதைவிட மோசம், பந்துக்குள் என்ன விதை என்று பல பேர் பார்ப்பதே இல்லை. கிடைத்ததைப் போடுகிறார்கள். சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும் படுத்துகிற பாடு போதும்.

பிள்ளைகளுக்கு மண்ணைப் பிசைவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. அவர்களை நாற்றங்காலுக்குக் கூட்டி வாருங்கள். பை நிரப்பட்டும்.

மார்ச் 5

நேற்று மேற்குச் சரிவில் தீ. சாயங்காலம் புகை தெரிந்தது, இரவு எட்டரைக்கு மேல்தான் அடங்கியது. எங்கள் கோடு ஒரு இடத்தில் நின்றது, ஒரு இடத்தில் தாண்டியது. தாண்டிய இடத்தில் போன ஐப்பசியில் நட்ட வேங்கை, ஆத்தி எல்லாம் போயின. வெப்பாலையிலும் உசிலிலும் சில அடிமரத்திலிருந்து துளிர்க்கும், பார்க்கலாம்.

முதலில் புகையைப் பார்த்துச் சொன்னது ஒரு ஆடு மேய்க்கிற பெரியவர். நான் தனியாக எழுத நினைத்தது இதைத்தான்.

மலை எரிந்தாலே பேச்சு ஆட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிவிடும். எரிந்த இடத்தில் இளம்புல் வரும், அதற்காகப் பற்ற வைக்கிறார்கள் என்று. அப்படி வைப்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பீடி, கற்பூரம், குப்பை எரிப்பது, சும்மா வேடிக்கைக்குப் பற்ற வைப்பது என்று மற்றதும் உண்டு. ஆனால் வருடம் முழுக்க மலையில் நிற்கிற ஒரே ஆள் மேய்ப்பவர்தான். அவரை விரட்டிவிட்டால் நமக்குக் கண் போய்விடும். நேற்றுச் சொன்னவரின் ஆடுகள் எங்கள் கன்றுகளைக் கடித்தும் இருக்கின்றன. அதற்கு அவரோடு சண்டை போட்டும் இருக்கிறோம். இரண்டும் சேர்ந்துதான் உறவு. இப்போது அவருக்குச் சில சரிவுகளை விட்டுக்கொடுத்திருக்கிறோம், நட்ட சரிவுக்கு அவர் வருவதில்லை. ஆடு மேய்ந்த இடத்தில் புல் உயராது, தீயும் குறைவு. கன்று ஆள் உயரம் தாண்டிய பிறகு அங்கேயும் மேய விடலாம் என்பது என் யோசனை, எங்கள் ஆட்களே பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 11

அடுத்த தடவை தீ வந்தால் நாங்களும் வருகிறோம் என்று நிறைய பேர் சொல்கிறீர்கள். தயவுசெய்து வராதீர்கள்.

இன்றைய தேதிதான் குரங்கணி. 2018 மார்ச் 11, போடிக்கு மேலே மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் அணைக்கப் போனவர்கள்கூட இல்லை. புல் சரிவில் தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதவர் அதற்கு மேலே நிற்கவே கூடாது. அணைக்கப் போகும் குழுவில் பழகினவர்கள் மட்டும்தான் போக வேண்டும், வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கவே கூடாது. பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அணைப்பதைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். நைலான் சட்டை போட்டு வந்த ஒரு பையனை அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பினோம், கோபித்துக்கொண்டான். தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்று பிறகு சொன்னேன்.

தீ நாளில் கீழே இருந்து செய்ய வேலை இருக்கிறது. தண்ணீர் கேன் கொண்டுவருவது, யார் மேலே போனார்கள் யார் இறங்கினார்கள் என்று பெயர் எழுதுவது. கடைசியாகச் சொன்னதற்கு ஆளே கிடைப்பதில்லை.

மார்ச் 29

கொடைக்கானல் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது நல்ல கேள்வி: "நீங்கள் புல்லை எதிரி என்கிறீர்கள். நாங்கள் இங்கே புல்லைக் காப்பாற்ற மரத்தை வெட்டுகிறோம். யார் சரி?"

இரண்டு பேரும் சரி. பழனி மலைத்தொடரிலும் நீலகிரியிலும் உயரத்தில் புல்வெளியும் சோலை என்கிற அடர்ந்த காடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் இயல்பு. அந்தப் புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்து சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் என்று நட்டார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும், ஒன்றை வெட்டினால் நூறு முளைக்கும். கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் தன்னார்வலர்கள் சீகை நாற்றை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிச் சோலை மரக்கன்றுகளை வளர்ப்பதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். அட்டைக்கடி, மூடுபனி, குனிந்த முதுகு. அங்கே மலையின் அழகைக் காப்பது என்றால் மரத்தைப் பிடுங்குவது.

இங்கே கதை வேறு. எங்களுடையது 800 மீட்டர் சொச்சம் உயரமுள்ள, வெயில் காயும் மலை. இந்தப் பக்கத்து இயல்பான காடு குட்டையான, அடர்ந்த, வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் உலர் காடு. காசான், உலக்கைப் பாலை, கருங்காலி, இச்சி. அது இன்னும் மிஞ்சியிருப்பதைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி பக்கத்தில் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டுக்குப் போங்கள். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு வெறும் பொட்டலாக இருந்தது. அவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தி, பிறகு இந்த மாதிரிக் கோயில்காடுகளைப் பார்த்துத்தான் எதை நடுவது என்று கற்றுக்கொண்டார்கள். சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்ட ஊர்க்காரர்கள்தான் நமக்கெல்லாம் முன்னால் வந்த தன்னார்வலர்கள்.

மார்ச் 30

நேற்று எழுதியதை ராத்திரி யோசித்துப் பார்த்தேன். நம் மலை முழுக்க மரமாக வேண்டும் என்று நான் சொல்வது போல அது படும். மேலே உச்சிப் பக்கம் பாறையும் புல்லுமாக இருக்கும் இடங்கள் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கௌதாரி முட்டையிடுவது அங்கேதான். புல்லை விடலாம், எரிய விடக்கூடாது.

மே 13

நேற்று சித்ரா பௌர்ணமி, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் ஜனம். இன்று காலையில் குப்பை பொறுக்கப் போனோம், அது தனிக் கதை.

பாதையோர மரங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2016-இல் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது ஊரே பேசியது, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு நிறுத்தியது. அது பெரிய விஷயம். ஆனால் வெட்டாமலே கொல்கிற வேலை தினமும் நடக்கிறது. அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் கல் பதிக்கிறார்கள், வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. விளம்பரப் பலகைக்கு ஆணி அடிக்கிறார்கள். இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சென்னையில் 'நிழல்' அமைப்பினர் பல வருடமாகச் சொல்லிக் கொடுப்பதுதான்: மரத்தைச் சுற்றி மூன்று, நான்கு அடியாவது மண்ணாக விடுங்கள், ஆணியைப் பிடுங்குங்கள், கிளை வெட்டுவதானால் கொத்திக் கிழிக்காமல் ரம்பத்தால் அறுங்கள். அப்புறம், பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வெட்ட வருகிறவரிடம் சண்டை போட வேண்டாம், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதி நேரம் திரும்பிப் போய்விடுவார்கள்.

மே 14

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று மேலூர்க்காரர் ஒருவர் வருத்தப்பட்டார். நியாயம்தான். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், குன்றும் சுனையும் ஏரியும் பாறையில் சமணர் படுக்கையும் உள்ள இடம். அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதும் சுற்றுக் கிராமங்கள் எல்லாம் எழுந்து நின்றன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே காட்டைவிடப் பாறைதான் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் அது தங்கள் மலை என்று ஆயிரக்கணக்கான பேருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மலைக்கு உலகம் முழுக்க பக்தர்கள் இருக்கிறார்கள், தை மாதம் புல்லறுக்க ஆள் இல்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்குச் சலிக்கலாம். பரவாயில்லை.

ஜூலை 6

மார்ச்சில் எரிந்த மேற்குச் சரிவுக்குப் போனோம். வெப்பாலை துளிர்த்திருக்கிறது, உசிலும். வேங்கையில் ஒன்றுமில்லை. கன்றைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருந்த இடங்களில் மட்டும் சில ஆத்திகள் தப்பியிருக்கின்றன. மூடாக்கு என்று புல்லை வெட்டி அடியில் போடுவது தோட்டத்துக்குச் சரி. இங்கே அது விறகு. கல்தான் நல்லது, ஈரத்தையும் காக்கும், எரியாது.

ஜூலை 8

விதை சேகரித்து அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: அனுப்பலாம், ஆனால் இலுப்பை, நாவல், வேம்பு மூன்றும் காத்திருக்காது. பழுத்து விழுந்ததும் சதையைக் கழுவி, நிழலில் ஈரம் போக விட்டு, சில நாளிலேயே விதைக்க வேண்டும். கூரியரில் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பினால் பூஞ்சைதான் வந்து சேரும், காகிதப் பையோ துணிப் பையோ போதும். கொன்றைக்கு அவசரமில்லை, மாதக்கணக்கில் தாங்கும். விதைப்பதற்கு முன் கொதித்து இறக்கிய நீரில் போட்டு அப்படியே ஒரு இரவு ஊற விடுங்கள். எந்த ஊரில் எந்த மரத்தடியில் எடுத்தது என்று பையின் மேல் எழுதுங்கள். செஞ்சி, சவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வருவதுதான் எங்களுக்கு மிகவும் உதவும். குல்மோகர் வேண்டாம்.